கேள்வி வராத நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கேள்வி: எனக்கு 41 வயது. நிரந்தர வேலை, அன்பான மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறேழு வருடமாக ஒரே கேள்வி என்னை அரிக்கிறது: இதெல்லாம் எதற்கு? காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கும். இரவில் எல்லாரும் தூங்கியபின் உச்சத்துக்குப் போகும். தத்துவ நூல்கள் படித்தேன், சொற்பொழிவுகள் கேட்டேன், தியானம் பழகினேன். ஒவ்வொன்றும் சில நாள் தாங்கும், அப்புறம் பழையபடிதான். போன வாரம் மகள் ஏதோ ஒரு படம் வரைந்து எடுத்துவந்து "பாருப்பா" என்றாள். பார்த்தேன். உள்ளுக்குள், "நூறு வருஷம் கழிச்சு இந்தப் படமும் இருக்காது, வரைஞ்சவளும் இருக்கமாட்டா, பார்த்தவனும் இருக்கமாட்டான்" என்று ஓடியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வருடம் அம்மா அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தபோது மட்டும் இந்தக் கேள்வி வரவில்லை. குளிப்பாட்டுவது, கால் நகத்தை வெந்நீரில் ஊறவைத்து வெட்டிவிடுவது என்று யோசிக்கவே நேரமில்லை. அம்மா எழுந்து நடந்ததும் கேள்வி திரும்பிவிட்டது. "உங்களுக்கு வேலை இல்லாத மனசு" என்கிறாள் மனைவி. இது நோயா? இதற்கு விடை உண்டா? இல்லை, கேட்பதையே நிறுத்திவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள வாசகருக்கு,

நோயா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எதற்கு வாழ்கிறோம் என்று கேட்பது நோய் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனம் சோர்ந்தே கிடக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? "நான் இல்லாமல் போனால்தான் என்ன" என்ற நினைப்பு எட்டிப்பார்க்கிறதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இந்தப் பதிலை இதோடு மூடிவைத்துவிட்டு, இந்த நிமிடமே மனைவியிடம் சொல்லிவிட்டு அவரோடு கிளம்புங்கள். மனச்சோர்வு வந்தவருக்கு உலகமே வெறுமையாகத் தெரியும். யோசித்துக் கண்ட முடிவு மாதிரி இருக்கும், உண்மையில் அது காய்ச்சலில் வாய் கசப்பது போல. சிகிச்சையில் சோர்வு விலக விலக, எந்த விடையும் கிடைக்காமலே அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிப்போவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஓசிடி என்று ஒரு நோய், வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாமல் பிடிப்பது. அது கை கழுவிக்கொண்டே இருப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு யோசிப்பதே கை கழுவுவதாக ஆகிவிடும். கேள்வி வந்ததும் நெஞ்சு படபடக்கும், விடை கண்டால்தான் அடுத்த வேலை ஓடும் என்று தோன்றும், யோசித்து ஒருவழியாக ஆறுதல் வரும், அரை மணியில் மறுபடி முதலிலிருந்து. அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது: கேள்வியை வரவிட்டு, விடை தேடாமல் அந்தப் படபடப்போடு உட்காரப் பழக்குவார்கள். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டுமே அழுத்தமாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆறேழு வருடம் என்பது கொஞ்ச காலம் இல்லை. ஒருமுறை நேரில் காட்டிக்கொள்ளுங்கள். கடிதத்தில் தெரியாதது முகத்தில் தெரியும்.

இனி, உங்கள் மனைவி சொன்னது. அவர் கரிசனத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதை நான் ஏற்கவில்லை. இந்தக் கேள்விக்கு ஆளானவர்களில் மூச்சுவிட நேரமில்லாமல் உழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலச் சிந்தனையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். இருபது வயதில் அலுவலக வேலை, எழுத்து, சமூகச் சீர்திருத்தம் என்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார். 1826 இலையுதிர்காலத்தில் ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? உள்ளிருந்து வந்த பதில், இல்லை. அதோடு அவர் காலடியில் இருந்த தளம் சரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழக்கத்தின் வேகத்தில் மட்டும் வேலைகளைச் செய்துகொண்டு நடைப்பிணம்போல் இருந்தார்.

அவர் எப்படி மீண்டார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். வாதம் செய்து ஜெயிக்கவில்லை. ஒருநாள் ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தையை இழந்த ஒரு சிறுவன், இனி நானே இந்தக் குடும்பத்துக்கு எல்லாமாக இருப்பேன் என்று உறுதிகொள்ளும் இடம் வந்தது. மில் அழுதுவிட்டார். நான் கல்லாகிவிடவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதன்பின் பாரம் குறைந்தது. இடையிடையே திரும்பி வந்தாலும் பழைய கனம் இல்லை. இன்னும் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார், பெண்களின் உரிமைக்காக நாடாளுமன்றத்திலேயே பேசினார். யோசித்து யோசித்துத் தேய்ந்த மனிதரை, யாரோ ஒரு சிறுவன் தன் வீட்டாருக்காக எடுத்த முடிவு தூக்கிவிட்டது. இந்த இடத்தை மனதில் வைத்திருங்கள். உங்கள் அம்மாவின் நகத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

மனிதனுக்கு மட்டும் ஏன் இந்தப் பழக்கம் என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். நாளை மழை வரும், இன்றே கூரையைச் சரிசெய் என்று சொல்லும் அதே மூளைதான், நூறு வருடம் கழித்துக் கூரையும் இருக்காது நீயும் இருக்கமாட்டாய் என்றும் சொல்கிறது. முன்கூட்டிப் பார்க்கும் அந்தத் திறனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 2010ல் வெளியான ஒரு ஆய்வில் 2,250 பேரிடம் செல்பேசி வழியாக அவ்வப்போது "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம், மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. பல் தேய்க்கும்போது உங்கள் மனம் பிரபஞ்சத்தின் முடிவுக்குப் போய்வருவது உங்கள் தனிப்பட்ட கோளாறு இல்லை.

ஆனால் போய்வருவது வேறு, அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது வேறு. எங்கள் தொழிலில் இந்தச் சுற்றலை அசைபோடுதல் என்கிறோம். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். நாம் ஒரு துயரத்தை அசைபோட்டால் அது செரிப்பதில்லை, இன்னும் கெட்டியாகிறது. இதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், மனம் வாடும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துவைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியையே பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மறுபடியும் அதே மாணவர்களிடம் போனார். ஏன் எனக்கு இப்படி இருக்கிறது என்று அசைபோடும் வழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு, ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. எல்லாரையும் குலுக்கியது ஒரே நிலம்தான்.

என் அனுபவத்தில் ஒரு சம்பவம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். கையில் கெட்டி அட்டை போட்ட நோட்டு. பதினோரு மாதமாக, இந்த வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று தினமும் இரவில் அதில் எழுதிவந்திருந்தார். "எல்லாம் இதுல இருக்கு டாக்டர், படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று என் மேசையில் வைத்தார். நான் தனியாகப் படிக்கவில்லை, இருவருமாகச் சேர்ந்து படித்தோம். முதல் பக்கத்தில் நாலு வரி. இருபதாம் பக்கத்திலும் அதே நாலு வரி, சொற்கள் மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. அறுபதாம் பக்கத்துக்கு வரும்போது மை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறிவிட்டது, கேள்வி மாறவில்லை. அவரே நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "நான் ஒரே நாளைத்தான் எழுதிட்டிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் தேதிகளைக் கவனித்தேன். நடுவில் சில நாட்கள் விட்டுப்போயிருந்தன. "அந்த நாட்கள்ல ஏன் எழுதலை?" என்றேன். "மறந்துட்டேன்" என்றார், ஏதோ தப்புச் செய்த மாதிரி. அடுத்த முறை வரும்போது அந்த நாட்களில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு வரச் சொன்னேன். ஒருநாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி மூச்சு வாங்கியிருக்கிறது. இன்னும் மூன்று நாட்கள், பழுதான தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுத் தானே சரிசெய்து பார்த்திருக்கிறார். பதினோரு மாதம் அவர் நோட்டில் தேடியது, எழுதாமல் விட்ட பக்கங்களில் இருந்தது.

உங்கள் கடிதத்திலும் அப்படி ஒரு விட்டுப்போன இடம் இருக்கிறது. அந்த மூன்று வாரம். "யோசிக்கவே நேரமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நேரமில்லாமலா? படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு வெறும் நேரம் நிறையவே உண்டு. அவர் தூங்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கேள்வி நினைத்திருந்தால் அப்போது வந்திருக்கலாம். வயதானவர்களின் கால் நகம் தடித்து இறுகியிருக்கும், ஊறவைக்காமல் அப்படியே வெட்டினால் பிளந்து வலிக்கும். வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். யாரும் உங்களுக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை அம்மா வலியில் காலை இழுத்துக்கொண்டிருப்பார், அதற்குப்பின் நீங்களாகக் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்களிடம் "இது எதற்கு" என்று யாராவது கேட்டிருந்தால், கேள்வியே புரியாமல் நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள்.

அதை நீங்கள் தப்பித்தல் என்று கணக்கில் எழுதிவைத்திருக்கிறீர்கள். கேள்விதான் நிஜம், அந்த மூன்று வாரம் ஒரு இடைவேளை என்று. நான் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வரும். அப்படியென்றால் எதிலாவது மூழ்கிக் கிடந்தால் போதுமா? போதாது. செல்பேசியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் கேள்வி வராது. ஆனால் கீழே வைத்த கணமே இரண்டு மடங்காக வரும், கூடவே வெட்கமும் வரும். அம்மாவின் நகத்தை வெட்டி முடித்த இரவுகளில் அப்படி வந்ததா? மறந்திருப்பதற்கும் நிறைந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம், அந்த வேலை முடிந்த பிறகுதான் தெரியும். உங்களுக்குக் கேள்வி திரும்பியது அம்மா எழுந்து நடந்த பிறகு, அதாவது உங்கள் கை தேவைப்படாமல் போன பிறகு.

மகளின் படத்தைப் பார்த்தபோது வந்த நூறு வருட எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1971ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு எளிய பதில் இருக்கிறது. இன்று நாம் செய்வது எதுவும் பத்து லட்சம் வருடம் கழித்துப் பொருட்டாக இருக்காது என்கிறோம். சரி. அப்படியானால் பத்து லட்சம் வருடம் கழித்து நடக்கப்போவது எதுவும் இன்று நமக்கும் பொருட்டாக வேண்டியதில்லையே? தூரம் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். நூறு வருடத்துக்கு அப்புறம் இருக்கும் வெறுமைக்கு, உங்கள் கூடத்தில் நின்று "பாருப்பா" என்கிற குழந்தையை மறைக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது? நீங்கள்தான் கொடுத்தீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

விடை உண்டா என்ற இரண்டாவது கேள்வி. நாஜி வதைமுகாம்களில் நான்கைக் கடந்து உயிரோடு திரும்பிய வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்க்ல் ஒரு உவமை சொல்வார். சதுரங்க வீரரிடம் போய் "உலகத்திலேயே மிகச் சிறந்த காய்நகர்த்தல் எது" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? எந்த ஆட்டத்தில், எதிரில் யார், காய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று தெரியாமல் அப்படி ஒன்று இல்லவே இல்லை. வாழ்க்கையின் பொருள் என்ன என்பதும் அப்படித்தான். முகாமில் வாழ்வின் மேல் நம்பிக்கை இழந்த இருவரிடம் பேசியபோது அவர் பொதுவான விடை எதையும் நீட்டவில்லை. ஒருவருக்கு வெளிநாட்டில் காத்திருக்கும் குழந்தை இருந்தது. இன்னொருவர் பாதியில் விட்ட நூல்வரிசை அவரைத் தவிர வேறு யாராலும் எழுதி முடிக்க முடியாதது. அவரவர் பலகையில் அவரவர் காய்.

தமிழில் பொருள் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்பதோடு, கையில் எடுக்கக்கூடிய பண்டம் என்றும் அர்த்தம் இருக்கிறது. அதனாலோ என்னவோ, வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டு மறந்த சாவிக்கொத்தைத் தேடுவதுபோல வாழ்வின் பொருளைத் தேடுகிறோம். தேடலின் அளவும் கிடைத்ததன் அளவும் ஒன்றுக்கொன்று எதிர் என்றும் நினைக்கிறோம். மைக்கேல் ஸ்டீகர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2006ல் உருவாக்கிய பத்துக் கூற்றுகள் கொண்ட ஒரு அளவுகோலை எங்கள் துறையில் பயன்படுத்துகிறோம். அதில் ஐந்து கூற்றுகள் வாழ்வில் பொருள் இருப்பதாக உணர்வதைப் பற்றியவை, ஐந்து அதைத் தேடுவதைப் பற்றியவை. இரண்டும் தனித்தனியாக ஏறும், இறங்கும். தேடல் நிறைய இருப்பவருக்கே நிறைவும் நிறைய இருக்கலாம். அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: கேட்பதை நிறுத்த வேண்டாம். அது உங்களில் நல்ல பகுதி. இரவு ஒன்றரை மணிக்குப் படுக்கையில் கேட்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

இதற்கு நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்று. பகலில் அரை மணி நேரம், தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி. கேள்விக்கு அதுதான் இடம். கவலைக்காக 1983ல் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் சோதித்துப் பார்த்த முறை இது, இதற்கும் கைகொடுக்கிறது. இரவில் கேள்வி வந்தால் துரத்தாதீர்கள், துரத்தினால் விடாது. "நாளைக்கு ஆறரைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுங்கள். முதல் வாரம் கேட்காது. ஆறரைக்கு உட்காரும்போது பேனாவும் தாளும் வேண்டும், தலைக்குள்ளேயே வைத்துச் சுற்றக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் பல நாள் கேள்வி வராமலே போகும். அந்தச் சும்மா இருக்கும் அரை மணியையும் எதையாவது வைத்து நிரப்பாதீர்கள்.

எழுதும்போது "ஏன்" என்று தொடங்கும் வாக்கியத்தை "எப்போது", "எப்படி" என்று மாற்றி எழுதுங்கள். "ஏன் வாழ்கிறேன்" என்று எழுதினால் பேனா அங்கேயே நின்றுவிடும். "இந்தக் கேள்வி இன்று எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது" என்று எழுதினால் நகரும். இங்கிலாந்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் அசைபோடுதலுக்கென்றே அமைத்த சிகிச்சை பெரும்பாலும் இந்த ஒரு திருப்பத்தின் மேல்தான் நிற்கிறது. நீங்கள் எழுதிப் பார்க்கும்போது, "இதெல்லாம் எதற்கு" என்பதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன விஷயம் அடிக்கடி நிற்பது தெரியலாம். மேலதிகாரியின் ஒரு பேச்சு, எடுக்காமல் தள்ளிப்போடும் ஒரு முடிவு, அழுது முடிக்காத ஒரு இழப்பு. பெரிய கேள்வி பல நேரம் சின்ன வலியின் போர்வை. ஆறேழு வருடம் என்று சொல்கிறீர்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கடிதத்தில் இல்லை. யாரையாவது இழந்தீர்களா? எதையாவது விட்டீர்களா? மகள் பிறந்த பிறகு இரண்டு மூன்று வருடத்தில் தொடங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் தெரிகிறது. அதை நான் அவசரப்பட்டு விளக்கப்போவதில்லை. ஆனால் ஒரு குழந்தையை இழந்துவிடுவோமோ என்ற பயம் முதன்முதலாக வரும் வயதில் மரணமும் முதன்முதலாகக் கண்ணில் படும். "நூறு வருஷம் கழிச்சு" என்று மனம் ஓடியது அலட்சியத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் இருக்கமாட்டாள் என்பதைத் தாங்க முடியாமல் ஓடியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மாவின் நகத்தை எப்படி வெட்டினீர்கள் என்று இருக்கிறது, வெந்நீர்கூட இருக்கிறது. மகளின் படத்தைப் பற்றி "ஏதோ ஒரு படம்" என்று மட்டும் இருக்கிறது. அவள் என்ன வரைந்திருந்தாள்? தெரியாவிட்டால் இன்றைக்கு அவளிடமே கேளுங்கள், எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துப் பாருங்கள். எந்த மூலையில் தொடங்கினாள், எந்த நிறம் தீர்ந்துபோனது என்று அவள் சொல்வாள். அடுத்த கடிதத்தில் எனக்கு அதை எழுதுங்கள்.